கடன் ஒன்று, ஆங்கிலத்தில் சொல் இரண்டு: தமிழ் வழியாக யோசித்தால் தெளிகிறதா, குழம்புகிறதா?

பாடவேளை8 | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். நேற்று ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் திருத்தினேன். "மாமாவிடம் 500 ரூபாய் கடன் வாங்கினேன்" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருந்தேன். பாதிக்கு மேல் பிள்ளைகள் 'பாரோ' எழுத வேண்டிய இடத்தில் 'லென்ட்' என்று எழுதியிருந்தார்கள். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பதே தலைகீழாகிவிட்டது.

சிவப்பு மையால் அடித்து அடித்துக் கை ஓய்ந்தபோது ஒன்று தோன்றியது. இத்தனை பேரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்றால் அதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் ஒரு கல் இருக்கிறது. தமிழில் 'கடன்' என்ற சொல் அப்படியே நிற்கும், கூட வரும் 'வாங்கு', 'கொடு' இரண்டும்தான் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும். ஆங்கிலத்திலோ திசை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது: வாங்கினால் பாரோ, கொடுத்தால் லென்ட். பிள்ளைகள் 'கடன்' என்பதற்கு ஆங்கிலம் தேடுகிறார்கள், இரண்டில் எது முதலில் நினைவுக்கு வருகிறதோ அதை எழுதிவிடுகிறார்கள்.

'பார்' இதைவிடப் பெரிய கல். "பஸ்ஸில் உன் அக்காவைப் பார்த்தேன்" என்பதற்கு 'வாட்ச்' போட்டிருந்தான் ஒரு பையன். படிப்பவருக்கு, பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் பெண்ணையே நோட்டம் விட்டதுபோல ஆகிவிடும். அவனைக் கூப்பிட்டு, "அக்கா உன் கண்ணில் பட்டாங்களா, நீயா திரும்பிப் பார்த்தியா, கண்ணெடுக்காம கவனிச்சிட்டே இருந்தியா?" என்று கேட்டேன். "கண்ணில் பட்டாங்க மிஸ்" என்றான். சரி, கண்ணில் பட்டால் சீ, கண்ணைத் திருப்பினால் லுக், கண்ணெடுக்காமல் கவனித்தால் வாட்ச். 'கேள்' என்பதையும் அப்படியே பிரித்துச் சொன்னேன். காதில் விழுந்தால் ஹியர், காது கொடுத்துக் கேட்டால் லிசன், வாய் திறந்து கேட்டால் ஆஸ்க்.

ஆக, இந்த வேறுபாடு நம் பேச்சிலேயே இருக்கிறது. கண்ணில் படுவதும் காதில் விழுவதும் பிள்ளைகளுக்குத் தெரியாததா? அதைக் கையில் கொடுக்காமல் ஆங்கிலப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். இதுதான் என் ஆதங்கம். உங்கள் வேலையில் உங்களைக் குழப்பிய சொற்கள் எவை? அவற்றுக்குத் தமிழில் ஏதாவது பிடி கிடைத்ததா? எழுதுங்கள், வகுப்புக்கு எடுத்துப் போகிறேன்.

தினம்_ஒரு_பக்கம் | ஞாயிறு, இரவு 10.25

மேடம், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் வழி சரியில்லை என்பது என் கருத்து. தமிழ் வழியாகவே போனால் பிள்ளைகள் கடைசிவரை மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் சொன்ன விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். தியேட்டருக்குப் போய்ப் படம் பார்த்ததை 'சீ' என்றும் சொல்வார்கள். அதே படத்தை வீட்டில் டிவியில் பார்த்தால் பெரும்பாலும் 'வாட்ச்'. இரண்டு இடத்திலும் கண்ணெடுக்காமல்தானே பார்க்கிறோம்? விதி அங்கே நிற்கவில்லையே.

நான் படித்தது தமிழ் மீடியம். பத்தாவது முடித்த கோடை விடுமுறையில் தினம் ஒரு பக்கம் ஆங்கிலப் பேப்பர் படிக்க ஆரம்பித்தேன், இன்றுவரை விட்டதில்லை. ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிகல் இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தன. வரலாற்றில் இடம்பிடிக்கும் வெற்றிக்கு முதல் சொல்லும், வரலாறு சம்பந்தப்பட்ட ஆவணத்துக்கு இரண்டாவது சொல்லும் திரும்பத் திரும்ப வந்து தானாகப் பிரிந்தது. எகனாமிக் பொருளாதாரம், எகனாமிகல் சிக்கனம் என்பதும் அப்படித்தான் பிடிபட்டது. யாரும் தமிழில் விளக்கவில்லை. படிக்க வையுங்கள், போதும்.

இரவுப்பணி | திங்கள், காலை 6.15

ட்யூட்டி முடிந்து பஸ்ஸில் வருகிறேன். தினம்_ஒரு_பக்கம் அண்ணா, பத்து வருடம் படித்தால் தானாக வரும் என்கிறீர்கள். என் வார்டுக்கு வருகிறவர்களிடம் பத்து நிமிடம்கூட இருக்காது.

சர்க்கரைக்கு வைத்தியம் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய ஒரு பெரியவர். அவர் மகன் ராத்திரி போன் செய்கிறார். "சிஸ்டர், அப்பாவுக்கு ஹைப்பர் ஆயிடுச்சு. உடம்பெல்லாம் வேர்க்குது, கை நடுங்குது. இன்சுலின் இன்னொரு ஊசி போடட்டுமா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தம்பி, ஹைப்பர், ஹைப்போ எல்லாம் வேண்டாம். மீட்டர்ல என்ன நம்பர் இருக்கு, அதை மட்டும் சொல்லுங்க" என்றேன். 52 என்றார். 70-க்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை. அதற்குப் பெயர் ஹைப்போ, சர்க்கரை ஏறினால்தான் ஹைப்பர். சர்க்கரையை இன்னும் இறக்கும் இன்சுலினை அந்த நேரத்தில் போட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. பெரியவர் நினைவோடு இருந்தார், விழுங்கவும் முடிந்தது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது ஏறியிருந்தது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐத்தான் கூப்பிட வேண்டும்.

அந்த மகன் படிக்காதவர் இல்லை, பட்டதாரி. கடைசி ஒலி ஒன்றுதான் மாறுகிறது, அதுவும் பதற்றத்தில் காதில் நிற்காது. அன்றிலிருந்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் "கம்மி", "ஜாஸ்தி" என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். வார்டு சுவரிலும் கையால் எழுதி ஒட்டினேன்.

இன்னொன்றும் இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். ஹார்ட் அட்டாக் வேறு, கார்டியாக் அரெஸ்ட் வேறு. செய்திகளில் இரண்டையும் மாரடைப்பு என்றே போடுகிறார்கள். மாரடைப்பு என்பது நல்ல சொல், அடைப்பு என்று அதிலேயே இருக்கிறது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்கிறது. நெஞ்சு வலிக்கும், வேர்க்கும், ஆனால் பெரும்பாலும் ஆள் பேசுவார், இதயம் துடித்துக்கொண்டிருக்கும். கார்டியாக் அரெஸ்ட்டில் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளுவதையே நிறுத்திவிடுகிறது. ஆள் சட்டென்று சாய்ந்துவிடுவார், கூப்பிட்டால் அசைவு இருக்காது, மூச்சும் சரியாக வராது. அப்போது 108-க்குச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை கை கட்டி நிற்காமல், நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, சுமார் 5 சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்த வேண்டும். முதலாவது இரண்டாவதில் கொண்டுபோய் விடலாம், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. 'இதயம் நின்றுபோச்சு' என்று தமிழில் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்பது யாருக்கும் உடனே தோன்றும்.

வடக்கு_யார்க் | திங்கள், காலை 8.02

டொரண்டோவிலிருந்து. சொந்த ஊர் சென்னை. என் குழப்பம் 'லீஸ்'.

இங்கே வந்த புதிதில் வீடு பார்த்து, லீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று அப்பாவிடம் போனில் சொன்னேன். "எத்தனை லட்சம் கொடுத்தே? காலி பண்ணும்போது முழுசாத் திருப்பிக் கொடுப்பாங்களா?" என்று பதறிவிட்டார். நம் ஊரில் வீடு லீஸுக்கு என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது. காலி செய்யும்போது தொகை திரும்பி வரும். டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் மாதாமாதம் வாடகை கட்டுவதற்கான ஒப்பந்தத்துக்கே லீஸ் என்றுதான் பெயர். வாடகைக்கான முன்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கச் சட்டம் இடம் தராது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைப் பேசியிருக்கிறோம்.

அப்புறம் 'டவுட்'. அலுவலகக் கூட்டத்தில் மேலாளர் ஒரு திட்டத்தை விளக்கி முடித்தார். நம் வகுப்பறைப் பழக்கத்தில் கை தூக்கி, "எனக்கு ஒரு டவுட்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. திட்டத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொண்டார். நம் 'சந்தேகம்' இரண்டு வேலை செய்கிறது. ஆசிரியரிடம் கேட்கும் சந்தேகமும் அதுதான், ஆள்மேல் வரும் சந்தேகமும் அதுதான். இங்கே முதலாவதற்கு கொஸ்டியன் என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தையில் மரியாதை போய்விட்டது என்று அன்று இரவு தூங்கவில்லை. இந்தியாவில் கல்லூரியில் 'பாஸ் அவுட்' ஆன வருடத்தைச் சொன்னாலும் இங்கே மயங்கி விழுந்ததாகத்தான் புரிந்துகொள்வார்கள். இதையெல்லாம் எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

கீழ்க்கோர்ட் | திங்கள், மதியம் 1.30

லீஸ் பற்றி ஒரு வார்த்தை, சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன்.

நண்பரின் அப்பா சொன்ன அந்த ஏற்பாட்டுக்குத் தமிழில் பழைய பெயர் இருக்கிறது: ஒத்தி, போக்கியம். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 58-ஆவது பிரிவு அடமானத்தைப் பற்றியது. பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகச் சொத்தை அனுபவித்துக்கொள்ளும் அடமானமும் அதில் வருகிறது. லீஸ் என்பதற்கு 105-ஆவது பிரிவு. அது குத்தகை, வாடகை எல்லாவற்றையும் உள்ளடக்கியது. ஆகவே தரகர் 'லீஸ்' என்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள அனுபவ அடமானமாக இருந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும். ஓர் ஆண்டைத் தாண்டும் குத்தகைக்கும் பதிவு கட்டாயம், ஊரெல்லாம் 11 மாத ஒப்பந்தம் புழங்குவது அதனால்தான். வெள்ளைத்தாளில் லீஸ் என்று எழுதி எட்டு லட்சம் கொடுத்துவிட்டு என் மேசைக்கு முன்னால் வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். போக்கியம் என்ற சொல்லை மறக்காமல் இருந்திருந்தால் அடமானப் பத்திரம் வேண்டும் என்று கேட்கத் தோன்றியிருக்கும்.

அதேபோல் 'பூட்டிய வீட்டில் கொள்ளை' என்று செய்தி வரும். சட்டத்தின் கண்ணில் ஆள் இல்லாத வீட்டைத் திறந்து எடுப்பது திருட்டு, அதாவது தெஃப்ட், கூடவே வீட்டை உடைத்து நுழைந்த குற்றமும் சேரும். அடித்தோ, அந்த இடத்திலேயே உயிர்ப்பயம் காட்டியோ பறித்தால்தான் ராபரி. அதையே ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் டகாய்ட்டி. மிரட்டி, அவர் கையாலேயே கொடுக்க வைப்பது எக்ஸ்டார்ஷன். 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவற்றுக்கு முறையே 303, 309, 310, 308 பிரிவுகள். புகார் எழுதும்போது எந்தச் சொல் என்று அலட்டிக்கொள்ளாமல் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கையைப் பிடித்து முறுக்கினான் என்றால் அந்த வரி இருக்க வேண்டும். பிரிவை முடிவு செய்வது அந்த வரிதான்.

கோண்டாவில் | திங்கள், மாலை 5.10

டீச்சருக்கு வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கடன் என்ற சொல்லோடு நீங்கள் நின்றுவிட்டீர்கள், எங்களிடம் இன்னும் இருக்கிறது. புத்தகத்தையோ சைக்கிளையோ கடன் வாங்கினேன் என்று நாங்கள் சொல்வதில்லை, இரவல் வாங்கினேன் என்போம். அதே பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காசென்றால் கடன், அதே நோட்டைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. வட்டியில்லாமல் இரண்டு நாளைக்கு வாங்கினால் கைமாற்று. ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் பாரோ ஒன்றுதான். ஆக, எங்கள் மொழி இந்த இடத்தைப் பிரிக்காமல் விட்டது என்று சொல்ல முடியாது. ஆங்கிலம் ஆளின் பக்கத்தைப் பார்த்துப் பிரித்திருக்கிறது, தமிழ் பொருளைப் பார்த்துப் பிரித்திருக்கிறது.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு உதாரணம். நூலகத்தில் 'இரவல் வழங்கும் பகுதி' என்று பலகை இருக்கும். ஆங்கிலத்தில் அது லெண்டிங். பலகையை மாட்டியது நூலகம், கொடுக்கிற பக்கத்திலிருந்து பெயர் வைத்திருக்கிறது. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிற பிள்ளை பாரோ செய்கிறது. ஒரே மேசை, ஒரே புத்தகம். யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கேட்டால் போதும். என் மகளுக்கு அப்படித்தான் விளங்கியது.

இன்னொன்று. தா, கொடு இரண்டையும் தொல்காப்பியம் பிரித்துக் காட்டுகிறது. வருவதும் தருவதும் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கும். எனக்குத் தா, உனக்குத் தருகிறேன், அவனுக்குக் கொடு. பேசுகிறவர் நிற்கும் இடத்தைப் பார்த்துச் சொல்லைத் தேர்வது எங்களுக்குப் புதிதில்லை. பிரிங், டேக் குழப்பம் வருகிற பிள்ளையிடம் கொண்டு வா, கொண்டு போ என்று சொல்லிப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் விளங்கும்.

மார்ச்_தேர்வு | திங்கள், மாலை 6.48

நான் பிளஸ் டூ. எனக்கு இந்தக் குழப்பம் வேற மாதிரி. விலைக்கும் பிரைஸ், பரிசுக்கும் பிரைஸ். தொலைப்பதும் லூஸ், தொளதொளன்னு இருப்பதும் லூஸ். அட்வைஸ்னு பெயர்ச்சொல் ஒன்று, வினைச்சொல் ஒன்று. எழுத்து வேறன்னு தெரியுது, ஆனா காதுக்கு ஒண்ணாத்தான் கேக்குது. எப்படி ஞாபகம் வச்சுக்கிறது?

பாடவேளை8 | திங்கள், இரவு 8.20

தம்பி, நல்ல கேள்வி. இதில் உன் தப்பு எதுவும் இல்லை. அந்த இரண்டு ஒலியையும் பிரித்துக் காட்டத் தமிழில் எழுத்தே இல்லை. நாம் இரண்டையும் 'ஸ்' என்றுதான் எழுதுகிறோம், எழுதுவதைத்தான் காதும் கேட்கிறது. 'பேக்' என்று எழுதிப் பார், பையா, முதுகா, மூட்டை கட்டுவதா, அடுமனையில் சுடுவதா என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது.

தொண்டையில் இரண்டு விரலை வை. 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்பு சீறுவதுபோல் சொல், விரலுக்கு ஒன்றும் தெரியாது. அதே வாயை வைத்துக்கொண்டு தேனீ ரீங்காரம்போல் சொல், விரலில் அதிரும். விலை, தொளதொளப்பு, அட்வைஸ் என்ற பெயர்ச்சொல் மூன்றும் பாம்பு. பரிசு, தொலைப்பது, அட்வைஸ் என்ற வினைச்சொல் மூன்றும் தேனீ. விரல் வைத்துப் பத்துத் தடவை சொன்னால் பிறகு காதுக்கே வித்தியாசம் தெரியும். ப்ராக்டிஸ் என்ற சொல்லில் மட்டும் ஏமாந்துவிடாதே. பிரிட்டிஷ் வழக்கில் பெயருக்கும் வினைக்கும் எழுத்து வேறு, ஆனால் ஒலி ஒன்றுதான். அமெரிக்க வழக்கில் எழுத்தும் ஒன்றே.

பட்டறை_சுப்பு | திங்கள், இரவு 9.05

நான் கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அக்யூரசி, பிரிசிஷன் இரண்டுக்கும் துல்லியம் என்றே எழுதுகிறார்கள். வேலைக்கு வரும் பையன்கள் இதில்தான் பொருளை வீணாக்குகிறார்கள்.

ஒரு பையன் 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டை, தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியில் ஐந்து தடவை அளந்தான். ஐந்து தடவையும் 25.04. "அண்ணா, மாறவே இல்லை, கருவி காட்டுறது கரெக்ட், 0.04 கூடுதலா இருக்கு" என்று மேலும் தேய்க்கப் போனான். நிறுத்தி, வெர்னியரின் வாயை மூடச் சொன்னேன். ஒன்றும் வைக்காமலே 0.04 காட்டியது. கருவி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சொல்லியது, ஒரே மாதிரி தப்பாகச் சொல்லியது. அது பிரிசிஷன், ஆனால் அக்யூரசி இல்லை. ஷாஃப்ட் சரியாகத்தான் இருந்தது, தேய்த்திருந்தால் போயிருக்கும்.

நான் பையன்களுக்கு இரண்டே சொல் சொல்லிக் கொடுக்கிறேன். உண்மையான அளவோடு ஒத்துப்போனால் சரி. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வந்தால் சீர். சீராக இருப்பதெல்லாம் சரியாக இருக்காது. இதைச் சொன்ன பிறகு வாயை மூடிப் பார்க்காமல் யாரும் அளப்பதில்லை.

தினம்_ஒரு_பக்கம் | திங்கள், இரவு 10.40

எல்லாவற்றையும் படித்தேன். சிஸ்டர் எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். லாரி டாங்கரின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று இருக்கும். கல்லூரி சேரும்வரை அதை 'தீப்பிடிக்காது' என்றே நினைத்திருந்தேன். டைரக்ட், இன்டைரக்ட் மாதிரி முன்னால் 'இன்' வந்தால் இல்லை என்று பொருள் என என் வாசிப்புதான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அந்த 'இன்' லத்தீனில் உள்ளே என்று பொருள் தரும் வேறு ஒன்று, ஃப்ளேமபிள் என்றாலும் அதே பொருள்தான் என்பது பிறகு தெரிந்தது. எனக்குத் தெளிவு வந்தது ஒரு பெட்ரோல் பங்கில், பக்கத்தில் தமிழில் 'எளிதில் தீப்பற்றும்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோது.

ஆனாலும் என் பேச்சை முழுவதும் விட்டுத்தரமாட்டேன் மேடம். உயிர், பணம், அளவு என்று வரும்போது தமிழில் சொல்லிவிடுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. வகுப்பில் நீங்கள் தமிழ்ப் பிடியைக் கொடுத்த பிறகு, அதே சொல் வரும் நாலு வரியை ஆங்கிலத்திலேயே படிக்க வையுங்கள். பிடி மட்டும் இருந்தால் 'படம் பார்த்தேன்' வரும்போது மறுபடி விழுவார்கள்.

பாடவேளை8 | புதன், மாலை 4.50

தினம்_ஒரு_பக்கம் சார், செய்துவிட்டேன். இன்று முதலில் நூலக மேசையை வரைந்தேன், இரண்டு பக்கமும் ஆளை நிறுத்தினேன். பிறகு நாலு வரி ஆங்கிலத்தில் கொடுத்தேன். 'பாரோ' வரும் இடமெல்லாம் தன் பக்கம் பார்த்து அம்பு போட்டார்கள், 'லென்ட்' வரும் இடத்தில் எதிர்ப்பக்கம். இரண்டு பேர்தான் மாற்றிப் போட்டார்கள், அவர்களைப் பக்கத்துப் பிள்ளையே திருத்திவிட்டது. தியேட்டர் 'சீ', டிவி 'வாட்ச்' இரண்டையும் கரும்பலகையில் தனியாக எழுதிப்போட்டிருக்கிறேன், நாளைக்கு அது.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், நெல்லு, அரிசி, சோறு மூணுக்கும் அவங்ககிட்ட ரைஸ்தானே? சோத்துக்கு அரிசி வாங்கிட்டு வான்னா எப்படி மிஸ் சொல்லுவாங்க?" வகுப்பே என்னைப் பார்த்தது. நெல்லுக்கு 'பேடி' என்று மலாய் மொழியிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்கள், சோற்றுக்கு வேகவைத்த ரைஸ் என்று கூடுதலாக ஒரு சொல் சேர்ப்பார்கள் என்றேன். "அப்ப அவங்களுக்கும் நம்மள மாதிரி கஷ்டம் இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதற்கப்புறம் மற்றவர்களும் வரிசையாக இப்படிப்பட்ட சொற்களைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

இரவுப்பணி சிஸ்டருக்கு: உங்கள் வார்டுக் கதையை வகுப்பில் சொன்னேன். சுவரில் கையால் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள் என்றதும், நாங்கள் பெரிதாக எழுதித் தருகிறோம் என்கிறார்கள். ஹைப்போ என்றால் கம்மி, ஹைப்பர் என்றால் ஜாஸ்தி, கீழே எந்த நம்பருக்கு என்ன செய்வது என்று. முழு சார்ட்டில் எழுதட்டுமா, பாதியா? நம்பர்களை நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள், அதில் நாங்கள் கை வைக்கவில்லை.

இரவுப்பணி | புதன், இரவு 7.30

முழு சார்ட் மேடம். கட்டிலில் படுத்திருக்கிறவருக்கும் தெரிய வேண்டும். 'கம்மி'யை நீலத்திலும் 'ஜாஸ்தி'யைச் சிவப்பிலும் எழுதச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத பாட்டிகளும் இருக்கிறார்கள், 'கம்மி' பக்கத்தில் ஒரு சர்க்கரை டப்பா படம் வரைந்தால் போதும். நம்பர்களை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு நாளைக்கு அனுப்புகிறேன்.